மாத்திரையோடு இரண்டு வார்த்தையும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளின் பக்கவிளைவுகளை விரிவாகச் சொன்னால் நோயாளி பயந்துபோய் மாத்திரையையே தொடமாட்டார் என்ற கருத்து தங்கள் மருத்துவப் பகுதியில் வந்திருந்தது. மருத்துவமனையின் மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். சொன்னதால் மாத்திரையை விட்டவர்களைவிட, யாரும் எதுவும் சொல்லாததால் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவற்றையே இன்று டாக்டர்கள் பரவலாக எழுதுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பிந்தித்தான் வரும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, படபடப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே தலைகாட்டும். ஒருவருக்குத் தூக்கம் கெடும், இன்னொருவருக்குப் பகலெல்லாம் கண் சொக்கும். பெரும்பாலானோருக்கு இவை இரண்டொரு வாரத்தில் தணிந்துவிடும். மனம் லேசாவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூடப் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரியாதவர் ஐந்தாம் நாள் என்ன செய்வார்? இருக்கிற வியாதி போதாதென்று இது வேறா என்று அட்டையைத் தூக்கி எறிவார். சாப்பிட்டபின் போடுங்கள், தூக்கம் கெட்டால் காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொல்லியிருக்கிறது. 2004இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் என்று வந்த அந்த எச்சரிக்கை, 2007இல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதனால் அந்த வயதினருக்கு மாத்திரையே ஆகாது என்று பொருளில்லை. வீட்டார் அந்த வாரங்களில் உடனிருந்து கவனிக்க வேண்டும், மாத்திரைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சும் கண்மண் தெரியாத செலவுமாக ஒருவர் மாறினால், ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழாமல் உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்கவும் சொல்லவும் எல்லோரும் கூசுகிற ஒன்று, தாம்பத்திய நாட்டம் குறைவது. இது இரண்டு வாரத்தில் போய்விடுகிற வகை அன்று. மாத்திரை தொடரும்வரை நீடிக்கலாம். அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ டாக்டர் இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் காரணம் மாத்திரை என்று கணவனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. சந்தேகமும் சண்டையுமாக விஷயம் மாமியார் வீடுவரை போன பிறகு மாத்திரை குப்பைக்குப் போகிறது. வெட்கப்பட்டுக் காப்பாற்றியது எதை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது, திடீரென நிறுத்துவது. முதல்முறை மனச்சோர்வு வந்தவர்கூடக் குணம் தெரிந்தபின் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. நம்மவர்கள் சிரிப்பு திரும்பிய மறுநாளே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்துகளில் இது கடுமை. உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளுவாக்ஸெட்டினில் குறைவு. ‘பார்த்தாயா, அடிமையாகிவிட்டாய்’ என்கிறது வீடு. அடிமைப்பட்டவருக்கு அளவு ஏறிக்கொண்டே போகும், மனம் அதையே தேடி அலையும். இங்கே அப்படி இல்லை. டாக்டர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தால் பெரும்பாலானோர் பெரிய தொல்லை இல்லாமல் விட்டுவிடலாம்.

எஸ்சிட்டாலோபிராமுடன் குளோனசெபாம் சேர்த்த கூட்டு மாத்திரைதான் விதிவிலக்கு. பதற்றத்தைத் தணிக்கத் தரும் குளோனசெபாம் உண்மையிலேயே பழக்கமாகிவிடக் கூடியது. தாம் விழுங்குவதில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். கடைக்காரரும் கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து பத்து மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன!

மூட்டு வலிக்கென்று அதே கடையில் டிரமடால் என்ற வலி மாத்திரையை வாங்கி மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இதனோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். ரத்த அழுத்தத்துக்கு ‘நீர் மாத்திரை’ (சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை) சாப்பிடும் முதியவர்கள் மனச்சோர்வு மாத்திரையும் போட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தள்ளாட்டமும் தடுமாற்றமும் வரலாம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. கூட்டம் நெரிக்கும் அரசு மருத்துவமனை ஜன்னலில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுவது நடக்காத காரியம் என்று அனுபவத்தில் அறிவேன். அதனால்தான் கேட்கிறேன்: இந்த மாத்திரைகளோடு தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளை அரசே தரட்டும். எப்போது பலன் தெரியும், எது தானாகப் போகும், எதற்கு உடனே ஓடி வர வேண்டும், எதனோடு சேர்க்கக் கூடாது, ஏன் தானாக நிறுத்தக் கூடாது என்பவை அதில் இருந்தால் போதும். தனியார் கடைகளும் அதையே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. மனநலம் பற்றிய கட்டுரை வரும் ஒவ்வொரு முறையும் இவ்விரு எண்களையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தேனி மாவட்டம்.