உக்காத பழக்கழிவுக் கூட்டெரு பற்றிய புகார்

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.
12.03.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெப்ரவரி 8ஆம் திகதி உங்கள் கடையில் பழக்கழிவுக் கூட்டெரு 25 கிலோ மூடை நான்கு வாங்கினேன். ‘நன்கு உக்கியது, உடனே இடலாம்’ என்று மூடையில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

வீட்டில் அவிழ்த்ததுமே புளித்த மணம். உள்ளே கையை விட்டால் சூடு. அன்னாசித் தோல் அன்னாசித் தோலாகவே கிடந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். “பழப்பசளை எண்டால் அப்பிடித்தான் அம்மா, போடுங்கோ” என்றார் அங்கிருந்த தம்பி. சரி, விற்கிறவருக்குத் தெரியாததா என்று 150 கத்தரி நாற்றுக்கும் அடியில் இட்டு நட்டேன். பத்தாம் நாள் இலை மஞ்சளித்தது. வேர் கருகி 90க்கு மேல் பட்டுப்போயின. மிஞ்சியவற்றுக்கு நடுவே இப்போது தக்காளி, வத்தகப்பழம், பப்பாசி எல்லாம் முளைத்து நிற்கின்றன. விதை இலவசம் என்று மூடையில் போட்டிருக்கவில்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது தொடங்கி நானும் வீட்டில் கூட்டெரு போடுகிறவள்தான். இந்த முறை முழங்கால் வலியால் குவியலைப் புரட்ட முடியாமல்தான் உங்களிடம் வந்தேன். பழத்தோலில் ஈரமும் சீனியும் அதிகம். அதை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் புளித்துவிடும். பூவரசஞ் சருகு, வைக்கோல், கொஞ்சம் மாட்டெரு என்று இடையிடையே அடுக்கிப் புரட்ட வேண்டும். நடுவில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் சூடேறினால்தான் விதைகள் சாகும். பிறகு ஆறி, மண் மணம் வரும்வரை விட வேண்டும். எனக்கு மூன்று மாதமாவது பிடிக்கும். அரைகுறையாக உக்கியதைப் பாத்தியில் இட்டால் அது அங்கே கிடந்து உக்கும். பயிருக்குரிய நைதரசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூடைகளுக்குக் கொடுத்த 4,800 ரூபாவையும் நாற்றுக்குச் செலவான 1,500 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். இனிக் கட்டும் மூடைகளில் குவியல் போட்ட திகதியையும் அச்சிடுங்கள். கட்டுமுன் ஒரு சட்டியில் அதைப் போட்டுப் பத்துப் பயறு ஊன்றிப் பாருங்கள், முளை கருகினால் விற்காதீர்கள். அதற்கு ஒரு வாரம்கூடச் செல்லாது.

பற்றுச்சீட்டின் பிரதியும் பாத்தியின் படங்களும் இணைத்துள்ளேன். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும். அப்புறம், அரை மூடை இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுப்பியுங்கள், இலையான் தொல்லை தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
கோப்பாய் வாடிக்கையாளர்