கண்ணை இருட்டினால் கண் டாக்டரா? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எழுபது வயது. நெடுநாள் சர்க்கரைக்காரர். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, சுவரைப் பிடித்தபடி என் வாசலுக்கு வந்து, "கண்ண இருட்டிக்கினு வருதுப்பா" என்றார். அவர் வழக்கமாகக் காட்டும் தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். அங்கே இப்போது போனை ஆள் எடுப்பதில்லை, செயற்கை நுண்ணறிவுக் குரல்தான். பிரச்சினையைச் சொல்லச் சொன்னது. போனை ஆயாவிடமே கொடுத்தேன். அவர் என்னிடம் சொன்னதையே அதனிடமும் சொன்னார். மிக மரியாதையாக, கண் பிரிவில் வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நேரம் கொடுத்தது.

ஆளிடம் பேச எந்த எண்ணை அழுத்துவது என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். கேஷுவால்டி வாசலில் இருந்த நர்ஸம்மா ஆயாவின் வேர்த்த நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சுகர் மாத்திர போட்டியே, சாப்டியாம்மா?" சாப்பிடவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏற்றிய அரை மணியில் ஆயா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

நம் ஊரில் "உசுரே போவுது" என்பது பல நேரம் வெறும் தலைவலி. "லேசா மாரு பிசையுது" என்பது சில நேரம் மாரடைப்பு. செய்தி வாசிப்பவர் தமிழில் பழகிய இயந்திரத்துக்கு இது எப்படிப் புரியும்?

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறி இருக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்துவிட்டது. காசநோய் மருத்துவமனையைக் குறிக்கும் சானடோரியம் என்பதே ரயில் நிலையப் பெயராகிவிட்ட சென்னையில் இது சின்ன விஷயம் கிடையாது. சந்தேகம் தெரிந்த ஆளை உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சரி, அனுப்பட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். இயந்திரம் நோயாளியை வரிசையில் முன்னே இழுக்கட்டும். பின்னே தள்ளும் அதிகாரம் அதற்கு வேண்டாம். 'இன்று வராதே', 'இங்கே வராதே', 'உனக்கு இது தேவையில்லை' என்று சொல்வதற்கு முன் ஒரு மனிதர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் பெயர் சீட்டில் இருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் கூகுள் கருவி ஒன்று உண்டு. அதைப் பழக்கிய படங்களில் நம் சங்கர நேத்ராலயாவின் படங்களும் அடக்கம். ஆய்வில் பிரமாதமாகத்தான் வேலை செய்தது. தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குப் போனபோதோ, படம் தெளிவில்லை என்று ஐந்தில் ஒன்றுக்கு மேல் திருப்பிவிட்டது. அங்கே வெளிச்சம் சரியில்லை, அவ்வளவுதான். படம் திரும்பினால் நோயாளி இன்னொரு நாள், இன்னோர் இடத்துக்கு அலைய வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணக்கிட, அங்கே ஒரு மென்பொருள் மருத்துவச் செலவை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததால் அவர்கள் கணக்கில் செலவும் குறைவு. அதனால் அவர்கள் நோய் முற்றிய நிலையிலும் பின்னால் போனார்கள். 2019-ல்தான் இது ஆய்வில் வெளிவந்தது. இங்கே பில்லைப் பார்த்து ஆளை எடைபோட்டால், மெடிக்கல் கடையில் கடன் சொல்லி மாத்திரை வாங்குகிற எங்கள் ஆயா நல்ல ஆரோக்கியசாலி!

காகிதத்துக்குக் குறைவில்லை. பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையைத் தமிழ்நாடு 2020-லேயே வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நெறிமுறைகள் 2023-ல் வந்தன. அதெல்லாம் டெண்டர் நிபந்தனையாக மாற வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தக் குரலைக் காசிமேட்டிலும் எண்ணூரிலும் பேசவிட்டுப் பாருங்கள். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். அப்புறம், நோய் விவரத்தைப் பகிரச் சம்மதம் என்று போனில் கேட்கும் இந்த ஓடிபி. ஆயாவிடம் போனே கிடையாது. ஓடிபி போவது அம்பத்தூரில் ஷிப்டில் இருக்கும் பேரனுக்கு. அவன் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறவன். ஆயாவின் நோய் விவரத்தைப் பகிர யார் எப்போது சம்மதம் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தனியார் இடத்தில் நடந்ததற்கு எங்களிடம் ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர்களுக்குப் பதிவு கொடுப்பது உங்கள் துறைதானே.

வியாழக்கிழமை ஆயா அங்கே போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: 'நீங்கள் வராததால் முன்பதிவு ரத்து.' அவர்கள் கணக்கில் ஆயா இப்போது சொல்லிவிட்டு வராத நோயாளி. அடுத்த முறை நேரம் ஒதுக்கும்போது இயந்திரம் அதையும் கணக்கில் எடுக்குமா? நான் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடிவாசி ஒருவர்