பர்மாவுல ஈயச் சுரங்கத்துல பங்கு எடுக்கப் போற மோல்மேன், தவாய் சனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிங்க, மாமாமாருங்க, கடை வச்சிருக்கிற தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நாலு பக்கத்துக்கு கலர்ல அடிச்சு கைக்குக் கை சுத்துதே, சுரங்கப் பங்கு விக்கிற அந்த நோட்டீசு, அது என்கிட்டயும் வந்துச்சு. யார் அடிச்சதுன்னு இங்க எழுத வேணாம், உங்களுக்கே தெரியும். மலை முழுக்க கிரானைட், 100 கோடி வருஷம் பழசு, லேப் ரிப்போர்ட் இருக்கு, அதனால அடியில வெள்ளீயம் (டின், இனிமே ஈயம்னா இதுதான்) கண்டிப்பா கிடைக்கும்னு போட்டிருக்கு. சிலபேரு நகையை வச்சு பங்கு எடுக்கக் கிளம்பிட்டதா கேள்விப்பட்டேன், அதான் எழுதுறேன். எனக்கு சுரங்க யாவாரம் தெரியாது, ஆனா ஜியாலஜி படிச்சவன், அந்த நோட்டீசுல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இல்லைன்னு மட்டும் எனக்கு நல்லாத் தெரியுது.

முதல்ல, கிரானைட் எல்லாம் ஒரே சாமான் கிடையாது. பல கிலோமீட்டர் ஆழத்துல பாறை உருகி, அந்தக் குழம்பு மேல வர்ற வழியில மத்த பாறைக்குள்ள நுழைஞ்சு மெல்ல ஆறி இறுகினதுதான் கிரானைட், இதையே ஆளுங்க லேசுல ஒத்துக்கல. 1785ல ஜேம்ஸ் ஹட்டன்ங்கிறவரு ஸ்காட்லாந்துல கிளென் டில்ட் ஆத்தோரமா கிரானைட் நரம்பு நரம்பா பழைய பாறையைக் கிழிச்சுக்கிட்டுப் போறதைக் கண்டுபுடிச்சாரு, அதுக்கப்புறமும் போன நூற்றாண்டு பாதி வரைக்கும் 'உருகவே இல்ல, பழைய பாறைதான் இருந்த இடத்துலயே கிரானைட்டா மாறிச்சு'ன்னு ஒரு கட்சி விடாம வாதாடிக்கிட்டு இருந்துச்சு, 1958ல டட்டில், போவன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க லேப்ல உருக்கிப் பார்த்து எழுதினப்புறம்தான் உருகின கட்சிக்கு கை ஓங்கிச்சு. சரி, உருகிச்சு. எது உருகிச்சுங்கிறதுலதான் நம்ம பணம் இருக்கு.

பழைய கடல் சேறு, களிமண் மாதிரி படிஞ்ச பாறை உருகி வந்த கிரானைட் ஒரு வகை, எரிமலைக் குழம்புப் பாறையே மறுபடி உருகி வந்தது இன்னொரு வகை, இப்படி 1974ல ஆஸ்திரேலியாவுல சாப்பல், ஒயிட்னு ரெண்டு பேரு பிரிச்சாங்க. 1977ல ஜப்பான்காரர் இஷிஹாரா வேற பக்கமா வந்தாரு, மேக்னடைட் (காந்தத்துல ஒட்டுற இரும்புக் கனிமம்) உள்ள கிரானைட், அது இல்லாம இல்மனைட் (இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம்) மட்டும் உள்ள கிரானைட்னு பிரிச்சாரு. வெள்ளீயம் வேணும்னா ஆக்சிஜன் கம்மியான அந்த ரெண்டாவது கூட்டத்தைத்தான் தேடணும். அந்தக் குழம்புல ஈயம் எந்தக் கனிமத்துக்குள்ளயும் போய் உக்காராம கடைசி வரைக்கும் திரவத்துலயே நிக்கும், கரும்புச் சாறு வத்த வத்த இனிப்பு ஏறுற மாதிரி மிச்சக் குழம்புல ஈயமும் தண்ணியும் ஃபுளோரினும் போரானும் ஏறிக்கிட்டே போகும், கடைசியில அந்தக் கொதிதண்ணி மேல இருக்கிற வெடிப்புல புகுந்து குவார்ட்ஸ் நரம்பா உறையும்போதுதான் கேசிட்டரைட்டும் (வெள்ளீயத் தாது) வுல்ஃப்ராமும் (டங்ஸ்டன் தாது) சேர்ந்து இறங்கும். ஆக்சிஜன் நிறைய இருந்தா ஈயம் முன்னாடியே மத்த கனிமத்துக்குள்ள சிதறிப் போயிடும், அந்தக் குழம்பு செம்புக்கும் தங்கத்துக்கும்தான் லாயக்கு.

நம்ம நாட்டுல ரெண்டுமே இருக்கு. மேற்க வுன்தோ பக்கம் இருக்கிற கிரானைட்டுங்க சுமார் 10 கோடி வருஷத்து ஆளுங்க, அந்தப் பட்டையில செம்பும் தங்கமும் தேடுவாங்க. கிழக்க மௌச்சியில இருந்து தவாய், மெர்குயி வரைக்கும் இறங்கி, தாய்லாந்து, மலேசியா வழியா இந்தோனேசியாவுல பங்கா தீவு வரைக்கும் போறதுதான் ஈயப் பட்டை. மலை பூரா கிரானைட்னு சொல்றவங்ககிட்ட எந்தக் கிரானைட்னு கேக்கணும். பூமி மேலோட்டுல ஈயம் பத்து லட்சத்துல சுமார் 2 பங்குதான், சுரங்கம் போட்டு கட்டுப்படியாகணும்னா ஆயிரம் மடங்குக்கு மேல ஒரே இடத்துல சேரணும், இதெல்லாம் சும்மா நடக்கிற காரியம் இல்ல.

இப்ப அந்த 100 கோடி வருஷம். இதைப் படிச்சதும் எனக்கு ஆர்தர் ஹோம்ஸ் ஞாபகம்தான் வந்துச்சு. யுரேனியம் எவ்வளவு காரீயமா மாறியிருக்குன்னு பார்த்து 1911லயே பாறைக்கு வயசு சொன்ன இங்கிலீஷ்காரர், நார்வே பாறை ஒன்னுக்கு 37 கோடி வருஷம்னு கணக்குப் போட்டாரு. (காரீயம் வேற, நாம தேடுறது வெள்ளீயம், குழப்பிக்காதீங்க.) அவரு 1920ல இதே பர்மாவுக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு தலைமை ஜியாலஜிஸ்டா வந்தாரு, கம்பெனி படுத்துப் போச்சு, சின்னப் பையனை சீதபேதிக்குப் பறிகொடுத்துட்டு கையில காசில்லாம ஊர் திரும்பினாரு. பூமிக்கே வயசு கணக்குப் போட்ட மனுஷனையே ஒரு கம்பெனி இப்படி விட்டுட்டுப் போயிருக்கு, நாம எம்மாத்திரம்.

அவர் காட்டின வழியிலதான் இன்னைக்கும் வயசு பாக்குறாங்க. ஜிர்கான்னு மணல் சைஸ்ல ஒரு கனிமம், உருவாகும்போது யுரேனியத்தை உள்ள விடும், காரீயத்தைச் சேர்க்கவே சேர்க்காது, அதனால இப்ப உள்ள இருக்கிற காரீயம் பூராவும் யுரேனியம் சிதைஞ்சு வந்ததுதான். 238 நம்பர் யுரேனியம் பாதியாக சுமார் 447 கோடி வருஷம், 235க்கு சுமார் 70 கோடி, ரெண்டு கணக்கும் ஒத்துப் போனா நம்பலாம். 900 டிகிரி சூட்டுல கூட ஜிர்கான் தன் கணக்கைச் சுலபத்துல அழிக்காது, வம்பே அங்கதான் இருக்கு. பழைய சேத்துப் பாறை உருகும்போது அதுல இருந்த பழைய ஜிர்கான் முழுசா கரையாம புதுக் குழம்புக்குள்ள மிதந்து வந்து, சுத்தி புதுசா ஒரு படலம் வளர்ந்துக்கும். நடு மையத்தை அளந்தா 100 கோடி வரும், ஓரத்தை அளந்தா 7 கோடி வரும், கிரானைட்டோட வயசு ஓரத்துல இருக்கிறதுதான்! நோட்டீசுல இருக்கிற நம்பர் இப்படி ஒரு ஜிர்கானோட மையத்துல அளந்த ஒத்தைப் புள்ளியா இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். எத்தனை ஜிர்கான், எத்தனை புள்ளி, மையமா ஓரமான்னு கேளுங்க, சொல்லலைன்னா அந்த ரிப்போர்ட்டை வச்சு பஜ்ஜி மடிக்கலாம்.

இன்னொரு ஏமாத்து மைக்கா வயசு. கறுப்பு மைக்கா சுமார் 300 டிகிரிக்குக் கீழ ஆறினப்புறம்தான் உள்ள பொட்டாசியம் சிதைஞ்சு வர்ற ஆர்கான் வாயுவைப் புடிச்சு வைக்கும், அந்த ஆர்கானை வச்சுத்தான் வயசு சொல்வாங்க, பின்னால சூடு பட்டா கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஓடும், ஆக அது ஆறின தேதி, பொறந்த தேதி இல்ல. மாணிக்கம் எடுக்கிற மொகோக் பட்டையில அப்படிப் பின்னால வந்த சூடு நிறைய.

தவாய் ஹெர்மிங்கி சுரங்கத்துல கிரானைட்டுக்கு ஜிர்கான் வயசு சுமார் 7 கோடி, தாது நரம்புல இருந்த மாலிப்டினைட்டை (மாலிப்டினம் தாது) ரீனியம்–ஆஸ்மியம் முறையில, அதாவது ரீனியம் எவ்வளவு ஆஸ்மியமா சிதைஞ்சிருக்குன்னு பார்த்தா சுமார் 6.8 கோடி. ரெண்டும் ஒட்டி வருது, அதனால இந்தக் கிரானைட்தான் இந்தத் தாதுக்குத் தாய்னு தைரியமா சொல்லலாம். மௌச்சியில மாலிப்டினைட் 4.2 கோடி பக்கம். மலேசியாவோட மெயின் ரேஞ்ச் மலைத்தொடர் கிரானைட் 20 கோடிக்கு மேல. ஒரே பட்டை, மூணு இடத்துல மூணு காலம், எல்லாத்துலயும் ஈயம் எடுத்திருக்காங்க. பழசா இருந்தா ஈயம் ஜாஸ்தின்னு எந்த விதியும் இல்ல, பழசுதான் வேணும்னா மெட்ராஸ் பக்கம் பல்லாவரம் மலையே சுமார் 250 கோடி வருஷம், அங்க யாராவது வெள்ளீயம் எடுத்தாங்களா?

தவாய்ல சொத்து இல்லைன்னு நான் சொல்ல வரல. முதல் உலக யுத்தத்துல வுல்ஃப்ராமுக்காக உலகமே தவாயைப் பார்த்துச்சு, இந்தியக் கூலிங்களும் சீனக் கூலிங்களும் அங்க வேலை பார்த்தாங்க, காகின் பிரவுன், ஹெரான்னு ரெண்டு ஜியாலஜிஸ்டுங்க அந்த ஜில்லாவையே அளந்து 1923ல தடி புத்தகமா போட்டாங்க. ஆனா அங்க நிறைய ஈயம் நரம்புல இருந்து வரல, மலை கரைஞ்சு ஓடையில சேர்ந்த சரளையில இருந்து வந்துச்சு, ஹைண்டா அப்படிப்பட்ட இடம்தான். சரளை வேலைன்னா வயசு ரிப்போர்ட்டே தேவையில்ல, ஒரு கன மீட்டர் மண்ணுல எத்தனை கிலோ கிடைச்சுதுங்கிற கணக்கைத்தான் காட்டணும். நோட்டீசுல அது ஒரு வரி கூட இல்ல.

அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னால பத்து பேரு சேர்ந்து ஒரு நல்ல காந்தமும் ஒரு தட்டும் எடுத்துக்கிட்டு அந்த மலைக்குப் போயிட்டு வாங்க. புதுசா உடைச்ச கிரானைட்டை இடிச்சுப் பொடியாக்கி காந்தம் வையுங்க, கறுப்புப் பொடி நிறைய ஒட்டுச்சுன்னா மேக்னடைட் கூட்டம், அங்கயே சந்தேகப்படலாம். அப்புறம் ஓடை மணலை நாலஞ்சு இடத்துல நீங்களே அரிச்சுப் பாருங்க, அவங்க காட்டுற இடத்துல மட்டும் வேணாம். தட்டுல கடைசியா நிக்கிற கனமான கறுப்பு மணியை துத்தநாகத் தகடு மேல வச்சு ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா, கேசிட்டரைட்டா இருந்தா கொஞ்ச நேரத்துல மணி மேல சாம்பல் கலர்ல ஈயப் பூச்சு ஏறும், ஏறலைன்னா அது வேற என்னமோ. ஆசிட் கண்ணுல கையில படாம பாத்துக்கோங்க, காத்தோட்டமான இடத்துல செய்யுங்க.