தம்பிக்கு, மாரிகுப்பத்துலருந்து அப்பா

தம்பி, நல்லா இருக்கியாப்பா. நீ அனுப்பின போட்டோ எல்லாம் வந்துச்சு. மொத்தம் பதினொண்ணு. ஆஸ்திரேலியாவுல கூல்கார்டில தெருவுக்குத் தெரு நட்டு வெச்சிருக்கிற சரித்திர போர்டு, 1898ல கட்டின அந்தக் கல்லு கோர்ட்டு, கால்கூர்லி டவுன்ஹால் முன்னாடி தண்ணிப் பையோட உக்காந்திருக்கிற ஹானன் சிலை, எல்லாத்தையும் அம்மாவுக்கும் காட்டினேன். அவ ரெண்டு தடவ தள்ளித் தள்ளிப் பாத்துட்டு "இதுல புள்ள எங்க"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல.

மூணு வாரமா உன் குரல் கேக்கலப்பா. வேலை ஜாஸ்தின்னு தெரியும். நேரத்துக்கு சாப்பிடு, தண்ணி நிறைய குடி.

பெருமையா இருக்கு, பொய் சொல்லல. நம்ம லைன் வீட்டுல பொறந்த புள்ள ஆஸ்திரேலியா தங்கச் சுரங்கத்துல வேலை பாக்குதுன்னு பழைய ஷிப்ட் ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். கால்கூர்லி, 1893ல ஹானனும் கூட ரெண்டு பேரும் தங்கம் கண்டுபிடிச்ச ஊரு, தண்ணியே இல்லாத பாலைவனம், 500 கிலோமீட்டருக்கு மேல பைப்பு போட்டு 1903ல தண்ணி கொண்டு வந்தாங்க, அந்தத் திட்டம் போட்ட இன்ஜினியர் ஓ'கானர் அதப் பாக்காமயே முந்தின வருஷம் உயிர விட்டுட்டான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1902லயே, சிவசமுத்திரத்துலருந்து நம்ம கேஜிஎஃப்க்கு, கோலார் தங்கவயலுக்கு, கரண்டு வந்துடுச்சு தெரியும்ல? ஆனா அங்க ஒவ்வொண்ணுக்கும் போர்டு. நம்ம சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், உங்க தாத்தா இறங்கினாரு, நான் இறங்கினேன், நம்ம வீட்டு ஆளுங்க பேரு எந்த போர்டுலயும் இல்ல. 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு சுரங்கத்த மூடினதுலருந்து, தங்கம் பிரிச்சிட்டுக் கொட்டின சயனைடு மேட்டுத் தூசிதான் காத்துல பறந்து வீட்டுக்குள்ள வருது. அம்மா தினம் ரெண்டு வேளை தொடைக்கிறா.

நீ ஆபீஸ் வேலைன்னு சொன்ன. சரி. ஆனா கடைசியா நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல, நடுவுல, ஒரு இருமல். நான் அத எத்தன தடவ கேட்டேன்னு எனக்கே தெரியாது. சளி இருமல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்பா, மத்த இருமலும் தெரியும். நீ சொன்ன இடத்துலதான் இருக்கியான்னு நான் கேக்கல. ஒருவேள கீழ இறங்கற மாதிரி இருந்தா மாஸ்க் போடு, தூசி அடங்கத் தண்ணி விடாம டிரில் ஓட்டுற இடத்துல ஒரு நிமிஷம் கூட நிக்காத, யாரு சொன்னாலும் நிக்காத, எக்ஸ்ரே எடுத்துடு. மாஸ்க் மட்டும் கழட்டாத.

கூல்கார்டி பக்கம் 1907ல வெள்ளத்துல சுரங்கத்துக்குள்ள மாட்டின இத்தாலிக்காரன் கதைய நீதான சொன்ன, வாரிஷெட்டின்னு. நான் தேடிப் படிச்சேன். ஒன்பது நாளு இருட்டுல, கொஞ்சம் காத்து அடைஞ்ச மூலையில உக்காந்திருந்திருக்கான். பெர்த்துலருந்து தனி ரயில்ல டைவருங்களும் சாமானும் வந்து, ஃபிராங்க் ஹியூஸ்னு ஒருத்தன் தண்ணிக்குள்ள போய் சாப்பாடு குடுத்து, கடைசியில வெளிய கூட்டிட்டு வந்தான். உலகமே பேசுச்சு. நீ அதோட நிறுத்திட்ட. அவன் திரும்பவும் சுரங்க வேலைக்குதான் போனான், 1920ல செத்தான், நெஞ்சுல தூசி படிஞ்சு. தண்ணி விட்டு வெச்ச உயிர தூசி எடுத்துக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

சின்ன மாமா ஞாபகம் வந்துச்சு.

உனக்கு இதுவரைக்கும் சொல்லல, அம்மாவுக்கும் தெரியாது. அவன் என் கேங்ல இருந்தான், நான்தான் மேஸ்திரி. டிரில்லுக்கு வர்ற தண்ணி பைப்பு அடிக்கடி அடைச்சிக்கும். நிறுத்திச் சரி பண்ணா அன்னிக்கு டிரில் போட்ட அடிக் கணக்கு குறையும், போனஸ் போயிடும். நான் நிறுத்தச் சொல்லல. ஓட்டுடா, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, வருஷக்கணக்குல. வெள்ளையா மாவு மில்லுல நிக்கிற மாதிரி நின்னான், மாமா சொல்றாருன்னு பல்லக் காட்டிட்டு ஓட்டினான். நான் பின்னாடி ஈரத் துண்ட மூக்குல கட்டிட்டு நின்னேன். அந்த போனஸ்லதான் உனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன். அவன் கடைசி ஆறு மாசம் படுக்காம சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கினத நீயும் பாத்த, டிபின்னு சொன்னோம். அம்மா இன்னிக்கும் அவன் பீடிதான் காரணம்னு திட்டிட்டு அழறா, நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

இத அம்மாகிட்ட சொல்லாத. நானே சொல்றேன், எப்பன்னு தெரியல.

உங்க டைம் நமக்கு ரெண்டரை மணி முன்னாடி. அம்மா ஒன்பதுக்கு படுத்துடுவா, உனக்கு பதினொன்றரை ஆவும். ஷிப்ட் இல்லாத நாளாப் பாத்துக் கூப்பிடு. வீடியோல கூப்பிடு தம்பி, வாசல்ல திண்ணையில போனோட உக்காந்திருப்பேன். மாஸ்க் வாங்கிட்டியா?

அப்பா