காதடைப்பான் பெட்டியும் பச்சைக் கட்டமும்

அன்புள்ள சேகர்,

முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி நொறுங்கியிருந்தது, மீதியை மீசைக்காரர் தீர்த்துவிட்டார். வீட்டில் எல்லாரும் நலம். எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக.

தொழிற்சாலையின் இடர் மதிப்பீட்டுக் கோப்பு, அதாவது எந்த வேலையில் என்ன ஆபத்து என்று எழுதிவைக்கும் கோப்பு, இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது அதைத் திரும்பப் பார்த்தாக வேண்டும் என்பது இங்கே சிங்கப்பூரில் 2006-இல் வந்த விதி. புது மேலாளரோ, "தேதியை மட்டும் மாற்றிவிடுங்கள், அண்ணே" என்கிறார். பிரித்துப் பார்த்தேன். அரவைப் பகுதி, இரைச்சல்: பச்சைக் கட்டம், அதாவது ஆபத்து குறைவு. காரணம்: "காதடைப்பான் வழங்கப்படுகிறது." அவ்வளவுதான்!

அங்கேதான் நம் பெரியவர் நிற்கிறார். உன்னைப் 'பரீட்சை' என்று கூப்பிடுவாரே, அவரேதான். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறார். வயதானதும் சாந்தமாகிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் எடுத்த அவருடைய செவித்திறன் சோதனைத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலி அருகே, கேட்கும் திறனைக் காட்டும் கோடு பள்ளமாக இறங்குகிறது. அடுத்த தாளில் இன்னும் ஆழம், அதற்கடுத்ததில் அதைவிட ஆழம். இரைச்சல் காதைத் தின்றால் இப்படித்தான் தெரியும். ஒவ்வொரு தாளிலும் முத்திரை: "கோப்பில் சேர்க்கப்பட்டது."

வந்த கோபத்தைக் கேட்காதே. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நிற்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரந்தான். எங்கள் அளவீடோ இயந்திரம் மாற்றுவதற்கு முன் எடுத்தது. இயந்திரம் மாறிய அன்றே மதிப்பீட்டையும் மாற்றியிருக்க வேண்டும். சத்தம் குறைந்த இயந்திரம் கிடைக்குமா, இருப்பதைச் சுற்றி அடைக்க முடியுமா, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தலாமா என்றெல்லாம் பார்த்த பிறகு கடைசியாகத்தான் காதடைப்பான். இங்கே முதலும் அதுதான், முடிவும் அதுதான். ஒரு நிறுவனம் ஊழியர் உடல்நலத்தைக் கவனிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சுவரில் மாட்டிய சான்றிதழ் வேண்டாம். சோதனைத் தாளில் கோடு இறங்கிய பிறகு பட்டறையில் எது மாறியது என்று கேட்டால் போதும்.

வெயில் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் கருவி 33 டிகிரி காட்டினால், வெளியே கடின வேலை செய்வோருக்கு மணிக்கு 15 நிமிட ஓய்வு. 2023-இல் மனிதவள அமைச்சு சொன்னதை இங்கே மீறுவதில்லை. மயங்கி விழுந்தால் ஊரே பார்க்கும். காது போவதை யார் பார்க்கிறார்கள்?

பெரியவரிடம் பேசினேன், கத்தித்தான். மருத்துவர் உறுதிசெய்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும், இழப்பீடும் கேட்கலாம் என்றேன். "வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், தம்பி" என்கிறார். பேரன் பேசுவது புரியாததால் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டாராம்.

நீ கப்பல் பட்டறையில் இருந்தபோது கம்ப்ரசரைச் சுற்றி அறை கட்டினார்கள் என்றாயே, என்ன பொருள் வைத்து அடைத்தார்கள்? எவ்வளவு செலவானது? சத்தம் எத்தனை டெசிபல் குறைந்தது? வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது, அதற்குள் பதில் போடு. நீயும் காதைச் சோதித்துக்கொள்; தொலைபேசியில் நீ பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது என்கிறாள் என் மனைவி.

அன்புடன்,
துவாஸ்காரன்