தைராய்டு மாத்திரை: டோஸைக் கூட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற அளவு இறங்கவில்லை என்றால் உடனே டோஸ் கூட்டப்படுகிறது. அடுத்த டெஸ்டிலும் இறங்காவிட்டால் இன்னும் கூட்டப்படுகிறது. பல நேரங்களில் கோளாறு டோஸில் இல்லை, விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேராததுதான் காரணம். உங்கள் வாசகர்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 12 என்று இருந்தால் 'தைராய்டு கூடிவிட்டது' என்று நினைத்து மாத்திரையைத் தாங்களாகவே பாதியாக்குகிறவர்கள் உண்டு. டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு ஹார்மோன் குறையக் குறையக் கட்டளையின் சத்தம் கூடும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் ஹார்மோன் போதவில்லை என்று பொருள். (பிட்யூட்டரியே பழுதானவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.)

இனி மாத்திரைக்கு வருவோம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வயிற்றுக்குள் வேறு எதுவும் போகக் கூடாது. காபியும் இந்த 'எதுவும்' கணக்கில் அடங்கும். பலர் தவறுவது இங்கேதான். காலையில் முடியாதவர்கள் இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும் முன் சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே முறையைக் கடைப்பிடிப்பது முக்கியம்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றும் சேர்த்தே எழுதித் தரப்படுவது உண்டு. ஹார்மோன் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் மூன்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற நெஞ்செரிச்சல் மாத்திரைகளின் கதை வேறு. லெவோதைராக்சின் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். இவை நாள் முழுக்க அமிலத்தைக் குறைப்பதால், நேரம் தள்ளிச் சாப்பிட்டாலும் சிக்கல் முழுதாகத் தீராது. அவற்றைத் தொடர்ந்து சாப்பிடத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

ஏன் அத்தனை வாரம்? உடலில் சேர்ந்த லெவோதைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். டோஸை மாற்றினால் புதிய அளவு நிலைபெற ஐந்தாறு வாரம் வேண்டும். இரண்டே வாரத்தில் டெஸ்ட் எடுத்து மீண்டும் டோஸை மாற்றுவது வீண் அலைச்சல். வாரக்கணக்கில் மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஃப்ரீ டி4 சரியாக இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தே நிற்கும். சிகிச்சையில் இருப்பவரின் ரிப்போர்ட் இப்படி வந்தால் டோஸைக் கூட்டும் முன் மாத்திரை தவறியதா என்று கேட்பது நல்லது.

டெஸ்ட் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை சாப்பிடுங்கள். முடி, நகத்துக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4 அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

டி.எஸ்.எச். சரியானதும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. அது சரியானதே மாத்திரையால்தான். பிரசவத்துக்குப் பின் தற்காலிகமாக வரும் தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகளில் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மறுபக்கம், டி.எஸ்.எச். லேசாக உயர்ந்து ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தால் பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. எடை குறைக்க என்று இந்த மாத்திரையைக் கூடுதலாக விழுங்குவது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பைத் தேய்க்கும்.

கர்ப்பம் உறுதியானதும் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும். முதல் மூன்று மாதங்களில் சிசு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால், கர்ப்பம் தெரிந்த அன்றே வாரத்துக்கு 7 மாத்திரையை 9 ஆக்கிவிட்டு டெஸ்டுக்குப் போகலாம். கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் தேவை. குழந்தை பிறந்த மூன்றாம் நாளுக்குள் அதன் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறவித் தைராய்டு குறைவுக்கு இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் இழந்ததை மீட்க முடியாது.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. கார்பிமசோல், மெத்திமசோல் சாப்பிடும்போது அரிதாக ரத்த வெள்ளணுக்கள் அடியோடு சரிந்துவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் சாதாரணச் சளி என்று விடாதீர்கள். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹார்மோன் நோய் மருத்துவர் ஒருவர்