கல்பாசி வாசம்

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதி படித்து ரொம்ப சந்தோஷம். இங்கே வளவில் ஓடு மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது.

சர்க்கரை வந்ததிலிருந்து சாப்பாடே வெறுத்துவிட்டது, இனி ருசி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே வள்ளி. 2021இல் கொரோனா வந்து எனக்கு வாசனை தெரியாமல் போனது உனக்குத் தெரியும். நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிந்தன. மிளகாயும் எரிந்தது, காரம் ருசியில்லை, எரிச்சலைச் சொல்லும் நரம்பின் வேலை என்றார் டாக்டர். ஆனால் குழம்பு எதுவானாலும் ஒன்றுபோலவே இருந்தது. மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும் வாசம்தான் ருசியில் பெரும்பங்கு என்பது அதை இழந்த பிறகே புரிந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் கோழிக் குழம்புக்குத் தாளித்தேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு, அப்புறம் ஒரு கிள்ளு கல்பாசி. கறுத்துச் சுருண்டு கிடக்கும், சும்மா முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது. எண்ணெயில் பொரிந்ததும், மழையில் நனைந்த மரப்பட்டை போல ஒரு வாசம் லேசாக வந்து மூக்கைத் தொட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து அவசரமாக விழுங்குவதில்லை. எங்கள் அப்பத்தா குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்களே, நினைவிருக்கிறதா? உப்புப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. முதலில் புளிப்பு, அப்புறம் பூண்டு, விழுங்கிய பிறகு சோம்பு. ஒன்று அடங்கி இன்னொன்று எழ நேரம் கொடுக்க வேண்டும். வயிறு நிறையத் தின்ற காலத்தில் நமக்கு அது வாய்க்கவே இல்லை.

தை மாதம் வருகிறாய்தானே? கவுனி அரிசி, கந்தரப்பம் என்று இனிப்பு எதுவும் உனக்கு வைக்கமாட்டேன், கோபிக்காதே. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் மொச்சையும் போட்டு வெண்டைக்காய் மண்டி வைக்கிறேன். வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடலாம். எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று முன்னாடியே எழுது.

அன்புடன்,
உமையாள்